விழுகிற பல்லுத்தானே

அந்த வீட்டில் சோபா என்று இருந்தது ஒன்றுதான். அதன் யன்னல் பக்கத்து மூலையில் கணேசமூர்த்தி, ஒக்லாந்தின் மறுகரையில், கிளென்ஃபீல்டில் இருந்து பாலம் கடந்து கார் ஓட்டி வந்த களைப்போடு கால் நீட்டி இருந்தார். பக்கத்தில் அவருடைய மனைவி, வேறு நாட்டுத் தமிழ்க்காரி வேதவள்ளி, மடியில் கைப்பையோடு. எதிரே, பக்குரங்காப் பிளாசாவில் மலிவுக்கு வாங்கிய மடக்குக் கதிரையில் தியாகலிங்கம். அவர் சிரிக்கிற ஒவ்வொரு தடவையும் கதிரை முனகியது. நிலத்தில் விரித்த பாயின் நடுவில் அன்றைய மாப்பிள்ளை, எட்டு மாதக் குழந்தை ஆதவன். அவன் சரிந்து விழாதபடி முதுகுக்குக் கை கொடுத்துக்கொண்டு தாய் யோகராணி. தகப்பன் சற்குணம், தியாகலிங்கத்தோடு ஒரே தொழிற்சாலையில் வேலை செய்கிறவன், கமராவோடு குசினி வாசலில் நின்றான். நாலரை வயது மைதிலி மட்டும் ஒருவருக்கும் பக்கத்தில் இருக்கவில்லை. சோபாவுக்கும் சுவருக்கும் நடுவில் இருந்த இடுக்கில் முதுகைக் கொடுத்து, வாயைப் பொத்திக்கொண்டு குந்தியிருந்தாள்.

ஆதவனுக்குக் கீழ் முரசில் இரண்டு பல்லு அரிசி மாதிரி எட்டிப் பார்த்திருந்தது. அதற்குத்தான் இந்தப் பல்லுக்கொழுக்கட்டை. யோகராணி விடியக்காலமை எழும்பி, பயறு வறுத்து அவித்து, சர்க்கரையும் தேங்காய்ப்பூவும் குழைத்து, மாவை வட்டமாகத் தட்டி மடித்து, ஓரத்தைப் பல்லு வரிசை போல நுள்ளி நுள்ளி எடுத்திருந்தாள். ஒவ்வொன்றின் வாயிலும் சின்னச் சின்னதாய் வெட்டிய தேங்காய்ச் சொட்டுப் பல்லு. மைதிலிக்கு இந்தச் சடங்கு நடக்கவில்லை. அவளுக்குப் பல்லு முளைத்தபோது குடும்பம் மெட்ராஸில் ஒரு லொட்ஜ் அறையில், நியூசிலாந்து விசாவுக்குக் காத்துக் கிடந்தது.

"மூத்தவளுக்குச் செய்யாததையும் சேர்த்துத்தான் செய்யிறன்," என்று சொல்லி, யோகராணி குழந்தையின் தலைக்கு மேல் வெள்ளைத் துணி பிடிக்க, வேதவள்ளி கொழுக்கட்டைகளை மெல்லச் சொரிந்தாள். குழந்தைக்கு முன்னால் புத்தகம், பேனை, சங்கிலி, கத்தரிக்கோல் எல்லாம் பரப்பியிருந்தது. அவன் ஒன்றையும் பாராமல் தியாகலிங்கத்தின் கையில் கிலுங்கிய கார்த் திறப்புக் கோர்வையைப் பிடித்து இழுத்தான்.

"சரி, பெடியன் டக்ஸி ஓடப்போறான்!" என்றார் தியாகலிங்கம். "சற்குணம், நீ உந்தப் பெட்டி ஒட்டிற வேலையை விட்டுப்போட்டு அவனுக்குப் பின்னாலை ஏறியிரு."

"அண்ணை, நீங்கள் முதலிலை அந்தக் கதிரையை விட்டு எழும்புங்கோ. அது அழுகுது."

எல்லாரும் சிரித்தார்கள். யோகராணி கொழுக்கட்டைத் தட்டை நீட்ட, மைதிலியும் ஒன்றை எடுத்தாள். கொஞ்ச நேரம் கையில் வைத்து உருட்டினாள். பிறகு கடித்தாள். அவள் போட்ட கூச்சலில் ஆதவனும் சேர்ந்து வீரிட்டான்.

"அம்மா, இட்ஸ் சோர்! இட்ஸ் சோர்!"

தேங்காய்ச் சொட்டுக் குத்திவிட்டதாக்கும் என்று எல்லாரும் நினைத்தார்கள். வேதவள்ளி பக்கத்தில் இருந்தபடியால் குனிந்து, தாடையைப் பிடித்து, வாயைத் திறந்து பார்த்தாள். பார்த்தவள் யோகராணி பக்கம் திரும்பினாள்.

"என்னா யோகா இது? மேல்பல்லு நாலும் கரிக்கட்டை மாதிரி இருக்கே. அடியில ஈறு வீங்கிக் கெடக்கு. எத்தன நாளா இப்படி?"

"சூத்தைப் பல்லு அக்கா. முளைக்கேக்கையே அப்பிடித்தான். சத்துக் குறைவாக்கும் எண்டு டொனிக் குடுக்கிறன்."

"பால்பல்லு," என்றான் சற்குணம் வாசலில் இருந்து. "விழுகிற பல்லுத்தானே. விழுந்து முளைக்கும்."

"அடப்பாவி, விழ இன்னும் ரெண்டு வருசம் இருக்குலா! அது வரைக்கும் பிள்ள என்னாத்த வச்சிக் கடிக்கும்? டெண்டல் நேர்சுகிட்ட காட்டலையா?"

"அது பள்ளிக்கூடத்துப் பிள்ளையளுக்குத்தானே," என்றாள் யோகராணி. "இவள் அஞ்சு வயசு முடியத்தானே பள்ளிக்கூடம் போறாள்."

"யாரு சொன்னா? ரெண்டரை வயசுலேருந்து கூட்டிட்டுப் போலாம். காசு கெடையாது. எம்மவன அப்பவே கூட்டிட்டுப் போனேன்." வேதவள்ளி மைதிலியின் வாயைத் துடைத்துவிட்டாள். "ஏன் யோகா, எனக்கிட்ட ஒரு வார்த்த கேட்டிருக்கக் கூடாதா?"

யோகராணி தட்டைப் பார்த்துக்கொண்டிருந்தாள். தங்கள் பிள்ளையின் வாய்க்குள் கிடப்பதை ஊரைக் கூட்டிவைத்துக் காட்டியது போலச் சற்குணத்துக்கு இருந்தது. கமராவை மூடி உறைக்குள் போட்டான். பிறகு அன்றைக்கு ஒருவரும் படம் எடுக்கவில்லை.

அடுத்த கிழமை மைதிலியைக் கொண்டுபோன தொடக்கப் பள்ளியின் விளையாட்டுத் திடல் ஓரத்தில் சின்ன வீடு மாதிரி ஒரு கட்டடம். அதுதான் பல்லுக் கிளினிக். பிள்ளைகள் அதைக் கொலை வீடு என்று சொல்லுவார்களாம். இதைத் தொழிற்சாலையில் வைத்துத் தியாகலிங்கம் சொல்லிச் சிரித்தது சற்குணத்துக்கு உதவியாக இருக்கவில்லை. அரை நாள் லீவு போட்டுவிட்டு வந்திருந்தான். வெளியே வெயிலும் மழையும் மாறி மாறி அடித்துக்கொண்டிருந்தது. ஒக்லாந்து நவம்பரில் குடையும் வேணும், கறுப்புக் கண்ணாடியும் வேணும்.

நேர்ஸ் வெள்ளை உடுப்போடு இளம் பெண்ணாக இருந்தாள். முதலில் பஞ்சுச் சுருளில் மை தடவி, நூல் கட்டி ஒரு தேனீ செய்து மைதிலியின் கையில் கொடுத்தாள். பிறகுதான் வாய் பார்க்கிற சின்னக் கண்ணாடியை எடுத்தாள். மைதிலி தேனீயை இறுக்கிப் பிடித்துக்கொண்டு வாயைத் திறந்தாள்.

"இங்கே வந்து பாருங்கள்," என்று நேர்ஸ் இங்கிலீசில் தாயையும் தகப்பனையும் கிட்டக் கூப்பிட்டாள். "கீழ் முன்பற்கள் நன்றாக இருக்கின்றன. மேலே உள்ளவை போய்விட்டன. உறிஞ்சும்போது கீழ்ப்பல்லை நாக்கு மூடிக்கொள்ளும், மேல்பல்லுத்தான் ஊறும். பிள்ளை போத்திலோடுதான் நித்திரை கொள்ளுகிறாளா?"

யோகராணி சற்குணத்தைப் பார்த்தாள். சற்குணம் யன்னலைப் பார்த்தான்.

"ஓம்," என்று தமிழில் சொல்லிவிட்டு, "யெஸ்," என்றாள் யோகராணி.

"போத்திலில் என்ன?"

டின்பால் தேத்தண்ணி. அதை இங்கிலீசில் எப்படிச் சொன்னாலும் அது தங்கள் வீட்டில் இருந்தது போல ஒலிக்கவில்லை. மைதிலி பிறந்து ஒரு மாதத்தில், எண்பத்துமூன்று ஜூலையில், கொழும்பில் அகதிகளாகப் பள்ளிக்கூடக் கட்டடம் ஒன்றில் கிடந்தபோது யோகராணிக்குப் பால் வற்றிவிட்டது. பால்மா கிடைக்கவில்லை. யாரோ ஒரு டின்பால், சீனி போட்டுக் கட்டியாக்கினது, கொண்டுவந்து தந்தார்கள். அதைச் சுடுதண்ணீரில் கரைத்துப் போத்திலில் கொடுக்கத்தான் பிள்ளை அழுகையை நிற்பாட்டியது. பக்கத்துப் பாயில் இருந்தவர்கள் கையெடுத்துக் கும்பிட்டார்கள். அந்தப் போத்திலால் தப்பிய பிள்ளை. பிறகு அது கொஞ்சம் தேயிலைச் சாயமும் சேர்ந்து தேத்தண்ணியானது. கடலைத் தாண்டி வந்தது. அம்மா பின்னேர வேலைக்குப் போக, அப்பா படுக்க வைக்கிற வீட்டில் போத்தில்தான் தாலாட்டு.

"இனிப்பான பால்," என்றான் சற்குணம் இங்கிலீசில். "பகலில் பிஸ்கற்றும்." யோகராணி வேலை செய்கிற பிஸ்கற் தொழிற்சாலையில் உடைந்தவற்றைப் பையோடு மலிவுக்குத் தருவார்கள். பிள்ளைக்கு ஒரு குறையும் வைக்கவில்லை என்று காட்டத்தான் அதையும் சொன்னான்.

நேர்ஸ் ஏசவில்லை. ஏசியிருந்தால் அவனுக்கு நல்லாக இருந்திருக்கும்.

"பால்பல்லுத்தானே, விழுந்துவிடும் என்று நினைத்தோம்," என்றான்.

"எல்லாரும் அப்படித்தான் நினைக்கிறார்கள். ஆனால் இதற்கு மேலே, முரசுக்குள், பெரிய பல்லு இப்போதே உருவாகிக்கொண்டிருக்கிறது. இந்தச் சீழ் அதற்குப் பக்கத்தில்தான் இருக்கிறது. இது பரவினால் முகம் முழுக்க வீங்கும், காய்ச்சல் வரும். பின்பக்கத்திலும் இரண்டு பழுது. ஆறையும் எடுக்கவேணும். இந்த வயதில் விழித்திருக்கிற பிள்ளைக்கு ஆறு பல்லு எடுக்க ஏலாது. ஆஸ்பத்திரியில் மயக்க மருந்து கொடுத்து எடுப்பார்கள். நான் எழுதிவிடுகிறேன். வீக்கம் வற்ற இப்போது டொக்டரிடம் மருந்து எடுங்கள்."

பிறகு அவள் யோகராணியின் தோளில் கிடந்த ஆதவனின் வாயைத் திறந்து, அந்த இரண்டு அரிசிப் பல்லையும் ஈரத்துணியால் துடைத்துக் காட்டினாள். பல்லு தெரிந்த நாளில் இருந்தே துடைக்கவேணும், பிறகு மெல்லிய பிறஸ், மெல்லியதாய்ப் பேஸ்ற், படுக்கையில் போத்தில் வேண்டாம், வேணுமென்றால் வெறும் தண்ணீர். யோகராணி தலையாட்டித் தலையாட்டிக் கேட்டாள். சற்குணத்தின் காதில் மயக்க மருந்துக்குப் பிறகு ஒன்றும் ஏறவில்லை.

சற்குணத்துக்கு மகேசன் என்றொரு தம்பி இருந்தான். தொண்டையில் சதை வளர்ந்திருக்கிறது, சின்ன விசயம், வெட்டிவிடலாம் என்றார்கள். அவனுக்கு அப்போது ஒன்பது வயது. உள்ளே கொண்டுபோகும்போது செருப்பைக் கழற்றி அண்ணனிடம் கொடுத்துவிட்டுப் போனான். சற்குணம் வெளியே போட்டிருந்த வாங்கில் அந்தச் செருப்போடு இருந்தான். மகேசன் கண் முழிக்கவில்லை. யாரிலும் பிழை இல்லை, சில உடம்புக்கு மயக்க மருந்து ஒத்துவராது என்று டொக்டர் அப்பாவிடம் சொன்னார். ஒத்துவராத உடம்பு எது என்று முதலே எப்படித் தெரியும் என்று ஒருவரும் கேட்கவில்லை.

சற்குணம் ஈஸ்ட் டாமாக்கியில் அட்டைப்பெட்டி செய்கிற கொம்பனியில் விடிய ஏழு மணிக்கு வேலை தொடங்கினால் பின்னேரம் வீட்டுக்கு வருவான். அவனுடைய கார் உள்ளே வரத்தான் யோகராணி அதே காரில் வேலைக்கு வெளிக்கிடவேணும். எஞ்சினை நிற்பாட்டாமல் இறங்குவான், அவள் ஏறுவாள். அந்த இடைவெளிதான் கிழமை நாட்களில் அவர்கள் கதைக்கிற நேரம். வாடகை, கறிக்கு என்ன, ஆதவன் கக்கினது, ஊரில் இருந்து கடிதம் வராதது, எல்லாம் திறந்த கார்க் கதவுக்கு மேலால்தான்.

"டொக்டர் தந்த மருந்து குடுத்தனீரோ?"

"குடுத்தனான். வீக்கம் வத்திப் போச்சு. இண்டைக்குச் சோறு திண்டவள்."

"பாத்தீரே? நான் சொன்னனான்."

"என்ன சொன்னனீங்கள்?"

"மருந்தோடை மாறுமெண்டு. பிறகேன் ஆஸ்பத்திரி?"

யோகராணி ஸ்டியறிங்கில் கை வைத்தபடி அவனைப் பார்த்தாள். "அந்த நேர்ஸ் என்ன சொன்னவ? மருந்து வீக்கத்தைத்தான் வத்தப்பண்ணும், பல்லு அங்கைதான் கிடக்கும் எண்டு சொன்னவ எல்லோ?"

"அவ சின்னப் பிள்ளை. அவவுக்கென்ன தெரியும்."

"உங்களுக்கென்ன தெரியும்? பெட்டி ஒட்டத் தெரியும்." சொல்லிவிட்டு அவளுக்கே ஒரு மாதிரிப் போய்விட்டது. "பிந்துது. நான் போறன். போத்தில் குடுக்காதையுங்கோ."

போத்தில் இல்லாமல் படுக்கவைப்பது லேசான வேலை இல்லை. கோடைகாலம் கிட்டி வந்ததில் ஏழு மணிக்கும் வெளியே பகல் மாதிரி. பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் சைக்கிள் ஓடுகிற சத்தம். ஆதவன் ஒரு பக்கம். திரையை இழுத்து விட்டாலும் விளிம்பால் வெளிச்சம் வந்தது. சற்குணம் முதல் நாள் தண்ணீர் நிரப்பிக் கொடுத்தான், மைதிலி அதைச் சுவரில் எறிந்தாள். இரண்டாம் நாள் கதை சொன்னான், அவள் கதைக்கு நடுவில் "பொட்டில், அப்பா, பொட்டில்" என்று விம்மினாள். மூன்றாம் நாள் ஆதவனும் சேர்ந்து கத்த, அவன் குசினிக்குப் போய் டின்னைத் திறந்தான். கரண்டியில் பால் இழை இழையாக இறங்கியது. கரைத்து, மூடி பூட்டி, அறை வாசல் வரைக்கும் கொண்டுபோனான். அங்கே நின்று, பிறகு திரும்பிவந்து அதைச் சின்க்கில் ஊற்றினான். அவள் அழுது களைத்து, தலையணையைக் கடித்தபடி நித்திரையானாள்.

ஆஸ்பத்திரிக் கடிதம் அந்தக் கிழமைக் கடைசியில்தான் வந்தது. கடிதப்பெட்டிக்குள் வெள்ளையாய்த் தெரிந்தபோது, ஊரில் இருந்து வருகிற நீல ஏர்மெயில் கடிதம் இல்லையென்ற ஏமாற்றம்தான் முதலில் வந்தது. திகதி போட்டிருந்தார்கள். சம்மதம் என்றால் அடுத்த வெள்ளிக்கிழமைக்குள் பெற்றோர் பதில் எழுதி அனுப்பவேணும், இல்லாவிட்டால் இடம் இன்னொரு பிள்ளைக்குப் போகும், அடுத்த முறைக்கு மாதக் கணக்கில் காத்திருக்கவேணும்.

அந்த வீட்டில் கடிதம் எழுதுகிறவன் சற்குணம்தான். வீட்டுக்காரனுக்கு, பாங்குக்கு, குடிவரவுக்கு, ஊருக்கு, எல்லாவற்றுக்கும். கொழும்பில் கிளாக்கர் வேலை பார்த்த கை. முதலில் பென்சிலால் எழுதிப் பார்த்து, பிறகு பேனையால் பிரதி எடுப்பான். இந்தக் கடிதத்துக்கு மட்டும் பென்சில் சீவுப்படவில்லை.

"எழுதியாச்சே?" திங்கட்கிழமை காருக்குள் இருந்து யோகராணி.

"பாப்பம்."

"எழுதியாச்சே?" செவ்வாய்.

"தியாகலிங்கம் அண்ணையும் சொல்லுறார், தங்கடை ஊரிலை ஒருத்தருக்கும் பால்பல்லு புடுங்கினதில்லையாம்."

"அந்தாளுக்கு வாயிலை இருக்கிறது முழுக்கக் கட்டின பல்லு! அவரிட்டையே போய்க் கேட்டனீங்கள்?"

அவனுக்குச் சிரிப்பு வந்தது. அவளுக்கு வரவில்லை.

"இஞ்சருங்கோ. மகேசன்ரை விசயம் எனக்குத் தெரியும். நீங்கள் பயப்பிடுறது விளங்குது. எனக்கும் நெஞ்சு பக்குப் பக்கெண்டுதான் கிடக்கு. ஆனா நீங்கள் இவளைப் பாக்கேக்கை மகேசனைத்தான் பாக்கிறீங்கள். நான் இவளைத்தான் பாக்கிறன்." கியரைப் போட்டாள். "நான் எழுதுவன். என்ரை இங்கிலீசு உங்கடை மாதிரி வராது, அவ்வளவுதான்."

புதன்கிழமை மருந்து முடிந்திருந்தது. அன்று வேலையில் பசைத் தொட்டி பழுதாகிப் பசை வழிய, எல்லாரும் நிலம் துடைத்துக்கொண்டிருந்தார்கள். சற்குணத்தின் சப்பாத்து ஒவ்வொரு அடிக்கும் ஒட்டிப் பிரிந்தது. வீட்டுக்கு வந்து யோகராணியை அனுப்பிவிட்டு, பருப்பும் சோறும் குழைத்து, கரட்டை அவித்து மசித்து மைதிலிக்கு முன்னால் வைத்தான். அவள் அழவில்லை. அழாததுதான் அவனுக்கு முதலில் வித்தியாசமாகப் பட்டது. இடது கன்னத்துச் சொக்கு திரும்பவும் மினுங்கிக்கொண்டு வீங்கியிருந்தது. கண்ணுக்குக் கீழே வரைக்கும்.

"சாப்பிடு குஞ்சு."

அவள் ஒரு வாய் வாங்கினாள். மெல்லவில்லை. வலப்பக்கம் தள்ளி, நாக்கால் அமத்தி, விழுங்க முடியாமல் கொஞ்ச நேரம் வைத்திருந்தாள். பிறகு கையில் துப்பி, அந்தச் சோற்றைச் சாப்பாட்டுக் கோப்பை ஓரத்தில் ஒழுங்காக வைத்தாள். கோப்பையைத் தகப்பன் பக்கம் தள்ளிவிட்டாள்.

"இட்ஸ் ஓகே, அப்பா. யூ ஹாவ் இட். ஐ'ல் ஈட் வென் ஐ'ம் பிக்."

அவள் முறைப்பாடு சொல்லவில்லை. ஏற்கெனவே முடிவெடுத்துவிட்டவள் போல, தகப்பனைச் சமாதானப்படுத்துகிற குரலில் சொன்னாள். நாலரை வயதில், பெரிய ஆளாகும் வரைக்கும் பசியைத் தள்ளிவைக்கப் பழகியிருந்தாள். எத்தனை நாளாக இப்படிப் பழகினாள் என்று சற்குணத்துக்குத் தெரியவில்லை. விழுகிற பல்லுத்தானே என்று தான் சொன்ன காலம் முழுக்க அவள் வலது பக்கத்தால் தின்றுகொண்டிருந்திருக்கிறாள்.

அவன் டொக்டரின் கிளினிக்குக்குப் போன் பண்ணினான். நல்ல காலம், பூட்டியிருக்கவில்லை. பக்கத்து வீட்டுக்காரி காரில் கொண்டுபோய் இறக்கினாள். திரும்பவும் அதே மருந்து. "இது பரவினால் இரவோடிரவாக ஆஸ்பத்திரிக்குத்தான் ஓடவேணும். அப்போதும் மயக்க மருந்துதான், ஆனால் காய்ச்சலோடு," என்றார் டொக்டர். "இப்போது எடுக்கிறதுதான் பயம் குறைந்தது."

சற்குணம் வீட்டுக்கு வந்து பென்சிலைச் சீவினான்.

அடுத்த நாள் பின்னேரம் காரை விட்டு இறங்கும்போது எஞ்சினை நிற்பாட்டினான். யோகராணி கைப்பையும் தொப்பியுமாக நின்றாள்.

"ஏன் நிப்பாட்டினீங்கள்? எனக்குப் பிந்தும்."

"ஒருக்கா வாசியும்."

அவள் கடதாசியைக் கார் பொனெற்றில் விரித்துப் பிடித்து வாசித்தாள். தங்கள் கடிதம் கிடைத்தது, குறித்த திகதிக்கு எங்கள் மகளைக் கொண்டுவருகிறோம் என்று கொழும்புக் கந்தோரில் பழகின இங்கிலீசில் தொடங்கியிருந்தது. பிறகு கையெழுத்துக் கொஞ்சம் சரிந்திருந்தது. பிள்ளை நித்திரையாகும் வரைக்கும் தகப்பன் கையைப் பிடித்துக்கொண்டு நிற்க விடவேணும். அவள் கண் முழிக்க முதல் தகப்பன் கட்டிலுக்குப் பக்கத்தில் இருக்கவேணும். இது சலுகை அல்ல, இது எங்கள் வேண்டுகோள்.

"உப்பிடியெல்லாம் கேக்கலாமே?"

"கேப்பம். இல்லையெண்டால் இல்லையெண்டு சொல்லட்டும்."

"மகேசனைப் பற்றி எழுதேல்லையோ?"

"எழுதினனான். பிரதி எடுக்கேக்கை விட்டிட்டன். அவையளுக்கு அது தேவையில்லை."

யோகராணி இன்னும் ஒருமுறை வாசித்தாள். "வேண்டுகோளெண்டு எழுதிப்போட்டுச் சலுகையில்லையாம். சண்டைக்காரன்," என்று சொல்லி, பேனையை வாங்கித் தன் கையெழுத்தையும் போட்டாள். காரில் ஏறி, கதவை அடிக்க முதல், "பெட்டிக்குள்ளை போடாமல் காற்சட்டைப் பைக்குள்ளை வைச்சுக்கொண்டு திரியாதையுங்கோ," என்றாள்.

தெருமூலை டெயரிக் கடைக்கு முன்னால் சிவப்புத் தபாற்பெட்டி. தள்ளுவண்டிலில் ஆதவன், மற்றக் கையில் மைதிலி. அவளுடைய சொக்கு இன்னும் வற்றவில்லை. உறையின் பசையைத் தானே நக்க வேணும் என்று அடம்பிடித்தாள். நாக்கை மட்டும் நீட்டி, முகத்தைச் சுளித்து, "யக்," என்றாள். சற்குணம் அதைத் தன் தொடையில் வைத்து, கை முட்டியால் அமத்தி அமத்தி ஒட்டினான். வேலையில் பெட்டி ஒட்டுகிற அதே அமத்தல், ஓரம் முதல், பிறகு நடு. முத்திரை நேராக இருக்கிறதா என்று பார்த்தான். முகவரியை ஒருமுறை வாசித்தான். இன்னொருமுறை வாசித்தான்.

பிறகு அவளைத் தூக்கிப் பிடித்தான். அவள் உறையைத் துவாரத்துக்குள் பாதி விட்டு, அவன் முகத்தைப் பார்த்து, கையை எடுத்தாள். உள்ளே எங்கேயோ விழுந்த சத்தம் கேட்டது.

மைதிலி துவாரத்துக்குள் எட்டிப் பார்த்தாள். "அப்பா, கான் வி கெட் இட் பாக்?"

"ஏலாதம்மா," என்றான் சற்குணம். அவளை இறக்கி விடாமல், அப்படியே வைத்துக்கொண்டு நின்றான்.